பழைய வாகனம் பார்க்கக் குடும்பத்தோடு எங்கே போகலாம்? இம்பர் பஸ்ஸில் ஏறுங்கள்

லண்டனிலிருந்து பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் கூட்டிக்கொண்டு, ஒரே நாளில் பழைய வாகனங்களைப் பார்த்துவர எது நல்ல இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் இம்பர் பஸ்: ஆளில்லாத இம்பர் கிராமத்துக்கு வருசத்தில் ஒரு நாள் ஓடும் பழைய பஸ் சேவை.

பழைய பஸ்ஸைப் பார்ப்பதோடு நிற்காமல் ஏறியே போகலாம். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வில்ட்ஷயரில் உள்ள வார்மின்ஸ்டர் ரயில் ஸ்டேஷனிலிருந்து லண்டனின் பழைய சிவப்பு டபிள் டெக்கர்கள் 23ஏ என்ற இலக்கத்தோடு ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். 2009இல் தொடங்கிய வழக்கம். ஒரு ரிக்கற் எடுத்தால் நாள் முழுக்க ஏறலாம், இறங்கலாம். சேரும் காசு நற்பணிகளுக்குப் போகிறது.

லண்டனின் பேர்போன பழைய ரகமான ரூட்மாஸ்டர் வந்தால் விடாதீர்கள். பின்பக்கம் கதவே கிடையாது. சாரதி முன்னால் தனிக் கூண்டுக்குள் இருப்பதால், கொண்டக்டர் கூரையோரக் கயிற்றை இழுத்து மணியடித்துத்தான் சேதி சொல்வார்: இரண்டு தரம் என்றால் எடு, ஒரு தரம் என்றால் நிறுத்து. என் மகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டு, அவர் கை கயிற்றுக்குப் போகும்போதெல்லாம் "ரைட்!" என்று கத்தினாள். அப்பாவுக்கு அதைவிடப் பழைய ஆர்டி ரகத்தைக் கண்டதும் முகமே மாறிவிட்டது. லண்டனில் ஓடி முடித்த அந்த ரகம் அறுபதுகளில் நூற்றுக்கணக்கில் இலங்கைக்கு வந்தது. கொழும்பில் அவர் கந்தோருக்குப் போய்வந்தது இ.போ.ச.வின் (இலங்கைப் போக்குவரத்துச் சபை) அந்த பஸ்ஸில்தான். மேல்தட்டுக்கு ஏறும் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார்.

அப்புறம், பஸ் போய்ச் சேரும் ஊர். 1943 நவம்பரில் 47 நாள் அவகாசம் கொடுத்து, அமெரிக்கப் படையின் பயிற்சிக்காகச் சனத்தை வெளியேற்றிய கிராமம் இம்பர். யுத்தம் முடிந்தும் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றும் இராணுவப் பயிற்சி நிலம்தான். செயின்ட் கைல்ஸ் தேவாலயம் நிற்கிறது. மற்றபடி வெறும் சுவர்களும், வெடிக்காத குண்டு இருக்கலாம் என்ற எச்சரிக்கைப் பலகைகளும். 1990இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர் என் அம்மா. "இந்தச் சனத்தைப் பிறகும் வந்து இருக்க விடேல்லையோ?" என்று கேட்டார். விடவில்லை, வருசத்தில் சில நாள் மட்டும் ஊரைத் திறந்துவிடுவார்கள் என்றேன். அடுத்த பஸ்ஸில் போவோம் என்று அங்கேயே இருந்துவிட்டார். நீங்களும் இம்பரில் ஒரு மணித்தியாலமாவது நில்லுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்குக் கீழ்த்தட்டின் பின்பக்க நீள இருக்கை வசதி. சக்கர நாற்காலி ஏற்ற இந்தப் பழைய பஸ்களில் வழியில்லை.