சாட் நாட்டுக்கு பம்ப்செட்: 'சி.ஐ.எஃப் என்ஜமீனா' என்று விலை கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் சிறிய பம்ப்செட் கம்பெனி நடத்துகிறேன். ஆப்பிரிக்காவின் சாட் தலைநகர் என்ஜமீனாவிலிருந்து ஒரு கன்டெய்னருக்கு ஆர்டர் வந்திருக்கிறது. சி.ஐ.எஃப் என்ஜமீனா விலையும் 90 நாள் கடனும் கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: ஆர்டரை விட வேண்டாம். ஆனால் இந்த இரண்டு நிபந்தனைகளையும் அப்படியே ஏற்காதீர்கள்.

சி.ஐ.எஃப் என்பது துறைமுகக் கணக்கு: சரக்கு விலை, இன்சூரன்ஸ், இறங்கும் துறைமுகம் வரை கப்பல் வாடகை மூன்றும் சேர்ந்த விலை. சாட்டுக்குக் கடலே கிடையாது. உங்கள் சரக்கு பக்கத்து நாடான கேமரூனின் துவாலா துறைமுகத்தில் இறங்கி, சுமார் 1,800 கிலோமீட்டர் தரைவழியே போக வேண்டும். ரயில் பாதி வழியில், கேமரூனுக்குள்ளேயே இருக்கும் ங்காவுண்டெரே ஊரோடு நின்றுவிடும். அதற்கு மேல் லாரிதான்.

அந்த லாரி வாடகைதான் ஆளை அடிக்கும். தூரம் மட்டும் காரணமில்லை. சாட்டின் முக்கிய ஏற்றுமதி கச்சா எண்ணெய். 2003 முதல் அது சாட்டின் டோபா எண்ணெய் வயல்களிலிருந்து 1,070 கிலோமீட்டர் குழாயில் கேமரூன் கடற்கரைக்குப் போய்விடுகிறது. ஆடுமாடு தன் காலிலேயே எல்லை தாண்டிவிடும். மிச்சம் கொஞ்சம் பருத்தி, எள், கருவேலம் பிசின். ஆக, சரக்கு இறக்கிய லாரி பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பும். அந்தச் செலவும் உங்கள் பம்ப் தலையில்தான். மலிவான லாரியைத் தேடிப் பிடிக்கலாம் என்றால் அதுவும் கஷ்டம்: சாட் சரக்கில் 65 சதவீதம் சாட் லாரிகளுக்கு, 35 சதவீதம் கேமரூன் லாரிகளுக்கு என்று ஒதுக்கீடு இருக்கிறது. காலிக் கன்டெய்னர் துவாலா திரும்பத் தாமதமானால் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் வேறு. அதனால் 'சி.ஐ.எஃப் துவாலா' என்று விலை கொடுங்கள். அப்புறம் உள்ளது வாங்குபவர் பாடு.

சரி, கடன்? பம்ப் யாருக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். அரசு டெண்டருக்கு என்றால் கடனே வேண்டாம். அங்கே அரசாங்கத்தின் கைச்செலவு எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். 2014-ல் விலை சரிந்த பிறகு அரசு ஊழியர் சம்பளமே தள்ளிப்போய், 2016-ல் வேலைநிறுத்தம் நடந்தது. எதிர்கால எண்ணெயைக் காட்டி கிளென்கோர் என்ற எண்ணெய், கனிம வர்த்தக நிறுவனத்திடம் வாங்கிய கடனை 2015-லும் 2018-லும் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. சம்பளத்துக்கே இழுபறி என்றால், சப்ளையர் பில் எந்த வரிசையில் நிற்கும்?

தனியார் வியாபாரி என்றாலும் உறுதிசெய்யப்பட்ட எல்.சி. (வாங்குபவரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்கும் கடிதம்) கேளுங்கள், அதற்குச் சாட்டுக்கு வெளியே உள்ள நல்ல வங்கி ஒன்று உறுதி கொடுத்திருக்க வேண்டும். விலையை யூரோவில் சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய சி.எஃப்.ஏ. பிராங்க் யூரோவோடு நிலையாகக் கட்டப்பட்டது (1 யூரோவுக்கு 655.957), அதனால் டாலர் ஏற்ற இறக்கத்தைச் சொல்லி அவர் பேரம் பேச முடியாது.

இன்னொன்று. மின்சாரம் அங்கே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான். ஆர்டரில் வெறும் 'பம்ப்' என்று இருந்தால் மின்மோட்டாரா, டீசலா, சோலாரா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பேக்கிங் தொடங்குங்கள்.