மாடியில் கலர் ஷீட் கூரைக்கு செல்ப் ஸ்க்ரூ நல்லதா, ஜே போல்ட் நல்லதா?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். "ஸ்க்ரூதான், இதில் என்ன யோசனை" என்று பலரும் சொல்வார்கள். நானும் 2014இல் அப்படித்தான் சொன்னேன். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அந்தப் பதிலின் விலை என்ன என்று தெரிந்தது. அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினியர் இல்லை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டரில் மாவு மில் வைத்திருப்பவன். படித்த சிவில்காரர்கள் இதில் தப்பு இருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "அனுபவத்தை வைத்துப் பொதுவாகப் பேசாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் கூரை பறந்த வயலில் ஷீட் ஷீட்டாகப் பொறுக்கி, ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

உங்கள் மாடி நாலு பக்கமும் திறந்தது, துணி காயவும் தண்ணீர்த் தொட்டிக்கு நிழலுக்கும்தான் ஷெட் என்று எடுத்துக்கொள்கிறேன். பட்டறைக்காரர் ஒருவர், பைப்பைத் தானே துளைத்து இறங்கும் செல்ப் ஸ்க்ரூ போட்டு ஒரு விலையும், பைப்பைச் சுற்றி மாட்டும் ஜே போல்ட், அதாவது கொக்கி போல்ட் போட்டு இன்னொரு விலையும் சொல்லியிருப்பார். இரண்டு தாளிலும் ஷீட்டைத் தாங்கும் பைப்பின் தகட்டுத் தடிமன் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் எழுதியிருக்காது.

எங்கள் மில் ஷெட் 40க்கு 24 அடி. அதற்கு முன்னால் இருந்த கீற்றுக் கொட்டகையை எடுத்துவிட்டு 2014இல் தகரம் போட்டோம். அப்பா அப்போதே சொன்னார், "கொக்கி போல்ட் போடச் சொல்லுப்பா. இந்த ஸ்க்ரூ பைப்பைக் குத்திக்கிட்டு நிக்குது, பிடிச்சுக்கிட்டு நிக்கல." பட்டறைக்காரர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "ஐயா, அதெல்லாம் சிமெண்ட் ஷீட் காலம். இப்ப எல்லாரும் ஸ்க்ரூதான் போடுறாங்க, ஒரே நாள்ல முடிச்சுடலாம்." நான் பட்டறைக்காரர் பக்கம் நின்றேன். ஸ்க்ரூ தலை ஷீட் நிறத்திலேயே இருந்தது, வேலை சுத்தமாகத் தெரிந்தது. அப்பா அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

கஜா அன்று இரவு மில்லுக்குள் நாங்கள் யாரும் இல்லை. எதிரே இருந்த ஓட்டு வீட்டில்தான் இருந்தோம். முதலில் வடக்கிலிருந்து காற்று. ஷீட் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் நின்றது. நடுவில் கொஞ்ச நேரம் எல்லாம் ஓய்ந்தது, முடிந்துவிட்டது என்றே நினைத்தோம். பிறகு தெற்கிலிருந்து வந்தது பாருங்கள், அதில்தான் போயிற்று. அப்பா மட்டும் "மேற்கு ஓரம் போயிடுச்சு" என்றார். அவர் காதுக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது. அதற்கடுத்த பத்து நிமிடத்தில் மீதியும் போனது.

காலையில் பார்த்தால் கிழக்கே இரண்டு வரிசை ஷீட்தான் மிச்சம். பாக்கி எல்லாம் பக்கத்து வயலிலும் சாய்ந்து கிடந்த தென்னைகளுக்கு இடையிலும் கிடந்தன. நாலு நாள் கழித்து நானும் தம்பியும் அவற்றை இழுத்துவந்து போட்டு, ஸ்க்ரூ இருந்த இடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூன்று விதமாகப் போயிருந்தது.

ஓரத்து ஷீட்களில் ஓட்டை வட்டமாக, அப்படியே இருந்தது. பல ஓட்டைகளில் ஸ்க்ரூ வாஷரோடு ஷீட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மரையில் துருத்தூளும் இரும்புச் சுருளும் ஒட்டியிருந்தன. அதாவது ஷீட் கிழியவில்லை, ஸ்க்ரூவும் உடையவில்லை. பைப்தான் ஸ்க்ரூவை விட்டுவிட்டது. எங்கள் பைப் 1.2 எம்எம். ஸ்க்ரூ டப்பாவில் 12-14 என்று போட்டிருக்கும், அந்த 14 என்பது ஓர் அங்குலத்துக்கு 14 மரை என்று அர்த்தம். ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.8 எம்எம் வரும். 1.2 எம்எம் பைப்பில் முழுதாக ஒரு சுற்று மரைகூடப் பிடிக்காது. இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொன்னதில்லை, நானே வெர்னியர் வைத்து அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. இப்போது அப்பா சொன்ன "குத்திக்கிட்டு நிக்குது" என்பதைப் படித்துப் பாருங்கள்.

நடுப்பகுதி ஷீட்களில் ஓட்டை சாவித் துவாரம் போல நீண்டு, விளிம்பிலிருந்து நட்சத்திரம் மாதிரி கீறல் ஓடியிருந்தது. அங்கே ஸ்க்ரூ பைப்பிலேயே நிற்கிறது, ஷீட்தான் தலையைத் தாண்டிக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. இரவு முழுக்கத் தடதடவென்று அடித்ததே, அந்த அடியில் ஸ்க்ரூவைச் சுற்றித் தகரம் மடங்கி மடங்கி விரிசல் விட்டிருக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் முறிகிறதே, அதே கதை. 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை டிரேசி புயல் அடித்தபோது தகரக் கூரைகள் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று கண்டுபிடித்து, ஷீட்டைச் சோதிக்கும் முறையையே அங்கே மாற்றினார்களாம். நான் இதைப் பிறகுதான் படித்தேன். எங்கள் ஷீட் 0.40 எம்எம், பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப், இடைவெளி 5 அடி. இவ்வளவு அகல இடைவெளியில் இவ்வளவு மெல்லிய ஷீட் துள்ளாமல் என்ன செய்யும்?

மூன்றாவது விதத்தில் ஓட்டைக்கே வேலை இல்லை. மேற்கு ஓரத்தில் ஒரு பர்லின், ஷீட்டோடு சேர்ந்து முழுதாகப் பெயர்ந்து கிடந்தது. பர்லினைத் தாங்கும் சட்டமான ட்ரஸ் மேல் இரண்டு இடத்தில் டாக் வெல்டு, அதாவது பொட்டு மாதிரி ஒட்டு மட்டும் வைத்து, முழு வெல்டு போடாமல் விட்டிருந்தார்கள். அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்ததால் நாலு வருடமாக யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவின் பழைய மாட்டுக்கொட்டகையையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதை ஒருதலையாகிவிடும். அது சிமெண்ட் ஷீட், ஆங்கிள் பர்லின், 8 எம்எம் கொக்கி போல்ட். தென்னை விழுந்து ஷீட் தூள்தூளாகிவிட்டது. ஆனால் ஆங்கிளில் கொக்கிகள் வரிசையாக அப்படியே நின்றன, ஒவ்வொரு வாஷருக்கு அடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஷீட் துண்டு இருந்தது. பிடி விடவில்லை. ஜே போல்ட்காரர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்படுவார்கள், கொஞ்சம் பொறுங்கள்.

காற்று ஷீட்டை மேலிருந்து அமுக்குவதைவிட, மேலே உறிஞ்சுவதுதான் ஆபத்து. திறந்த ஷெட்டில் கீழிருந்தும் தூக்கும். காற்றுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் சென்னைக்கு அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39 மீட்டர். வேகத்தை அதாலேயே பெருக்கி 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். அதை எடைக் கணக்கில் சொன்னால் 10 சதுர அடிக்குச் சென்னையில் ஏறக்குறைய 140 கிலோ, மதுரையில் 86 கிலோ. அந்த 10 சதுர அடி ஷீட்டின் சொந்த எடை 5 கிலோகூட வராது. கட்டடத்தின் உயரம், வடிவம், இடம் எல்லாம் வைத்து இதைக் கூட்டிக் குறைக்க வேண்டும், அது இன்ஜினியர் வேலை. ஓரத்திலும் மூலையிலும் இழுவை நடுப்பகுதியைவிட நன்றாகவே கூடும் என்பதை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பட்டறைக்காரர் ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரே கணக்கில், ஷீட்டின் மடிப்பு மேடுகளில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ அடித்திருந்தார். மேற்கு ஓரம் முதலில் போனதில் ஆச்சரியம் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பைப் 2 எம்எம் இருந்தால் ஸ்க்ரூ போடுங்கள். 1.2 எம்எம் பைப் ஏற்கெனவே போட்டாயிற்று, மாற்ற முடியாது என்றால் ஜே போல்ட் போடுங்கள். பைப்பின் தடிமனைப் பார்க்காமல் இரண்டில் ஒன்றை நல்லது என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

ஜே போல்ட்டில் ஒரு சங்கதி இருக்கிறது. வட்டமாக வளைந்த கொக்கி உருண்டைப் பைப்புக்கு ஆனது. அதைச் சதுரப் பைப்பில் மாட்டினால் ஒரு மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், இழுவை வந்தால் கொக்கி நிமிர்ந்துவிடும். சதுரமாக வளைத்ததைக் கேட்டு வாங்குங்கள், கடையில் இல்லையென்றால் பட்டறையிலேயே வளைத்துத் தருவார்கள். அப்புறம் 8 எம்எம் போல்ட்டுக்குப் பெரிய ஓட்டை வேண்டும், ஒழுகல் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். தார் வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். நட்டை அதிகமாக முறுக்கினால் ஷீட்டின் மேடு நசுங்கி அங்கே தண்ணீர் தேங்கும். மாட்டுக்கொட்டகை ஒழுகாத மழைக்காலத்தை நான் பார்த்ததே இல்லை.

ஸ்க்ரூவில் வாஷர்தான் உயிர். கறுப்பு ரப்பர் வாஷர், வெயில் தாங்கும் இபிடிஎம் என்ற ரப்பராக இருக்க வேண்டும். முறுக்கும்போது லேசாகப் பிதுங்கினால் போதும், தட்டையாகி வெளியே வழிந்தால் அது இரண்டு வருடத்தில் போய்விடும். வேலையாட்கள் இம்பாக்ட் மெஷினை வைத்து ஒரே அழுத்தாக அழுத்துவார்கள், மெல்லிய பைப்பில் மரை அப்போதே அறுந்துவிடும். ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் பக்கவாட்டில் இன்னொன்று போடச் சொல்லுங்கள், பழைய ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் இறங்குவதற்கு முன் கூரை மேல் கிடக்கும் இரும்புத் தூளைப் பெருக்கச் சொல்லுங்கள். ஒரு மழை பெய்தால் ஷீட் முழுக்கத் துருக்கறை.

கடலோரம் என்றால் "ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் துருவே பிடிக்காதே" என்று ஒருவர் வருவார். துத்தநாகப் பூச்சு, அலுமினியப் பூச்சு உள்ள ஷீட்டில் ஸ்டெயின்லெஸ் வைத்தால், உப்புக் காற்றில் ஸ்க்ரூ நன்றாக இருக்கும், அதைச் சுற்றி ஷீட் அரித்துப்போகும். நல்ல பூச்சு உள்ள ஸ்க்ரூவை ஷீட் கம்பெனி சொல்லும் தரத்தில் வாங்குவதுதான் வழி. கிளிப் வைத்து ஓட்டையே போடாமல் பூட்டும் முறையும் உண்டு. 10 மீட்டர் இரும்பு ஷீட் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 5 எம்எம் அளவுக்கு நீளும், கிளிப்பில் அது நகர இடம் இருக்கும், அதனால் நீளமான குடோன்களுக்கு அது சரி. உங்கள் மாடிக்கு வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. புயலுக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 25 நாள் ஆயிற்று. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் கம்பம் நட்டு, கோயில் மண்டபத்தில் படுத்துக்கிடந்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் சென்னையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் நாள் முழுக்க நேரலை போடுகிற தொலைக்காட்சிகள், எங்கள் பக்கம் எத்தனை நாள் இருந்தன? எங்களுக்கு 62 தென்னை இருந்தது, 11 மிஞ்சியது. தென்னை காய்க்க எத்தனை வருடம் என்று தெரிந்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கூரை பற்றிய கேள்விக்கு இது எதற்கு என்பீர்கள். கூரை பறந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இதுவும் சேர்ந்துதான் வருகிறது.

2019இல் மறுபடி போட்டோம். 2 எம்எம் பைப், மூன்றரை அடி இடைவெளி, எல்லாம் முழு வெல்டு. ஷீட் 0.50 எம்எம். நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு, நாலு ஓரத்திலும் கூரை உச்சியான ரிட்ஜ் பக்கத்திலும் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ. இதற்குமேல் அப்பா ஒன்று கேட்டார். பழைய அரசுக் கட்டடங்களில் தகரக் கூரையின் ஓரத்தில் ஓர் இரும்புப் பட்டை ஷீட்களின் மேலே குறுக்காக ஓடும், கீழே பர்லினோடு கொக்கி போட்டு இறுக்கியிருக்கும். நான் அதை அழகுக்கு என்று நினைத்திருந்தேன். விண்ட் டை என்று பெயர், 40க்கு 6 எம்எம் பட்டை, மத்தியப் பொதுப்பணித்துறை விலைப்பட்டியலிலேயே தனி இனமாக இருக்கிறது. ஸ்க்ரூ ஒரு புள்ளியில் பிடிக்கிறது, பட்டை மேட்டுக்கு மேடு அமுக்கிப் பிடிக்கிறது. இரண்டு ஓரத்துக்கும் கால்வனைஸ் பண்ணிய பட்டை வாங்கி, சதுரக் கொக்கி வைத்து இறுக்கினோம். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எங்கள் ஊருக்குக் கஜா மாதிரி காற்று வரவில்லை. நிவர், பெஞ்சல் புயல்கள் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டன. ஆகவே என் கூரை பரீட்சையில் தேறிவிட்டது என்று நான் எழுதவில்லை. ஓரத்து ஷீட்டைக் கையால் தட்டினால் முன்பு போல் அதிராது, அவ்வளவு சொல்ல முடியும்.

"இவ்வளவு செலவு செய்தால் காங்கிரீட்டே போடலாமே" என்பவர்களுக்கு: போடலாம், அடியில் சுவரும் தூணும் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மாடியில் பலருக்கு ஷீட்தான் வழி.

நீங்கள் பைப் எத்தனை எம்எம், பர்லின் இடைவெளி எத்தனை அடி, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். பைப் கடையில் எம்எம் கணக்கை நம்பாமல் வெட்டிய முனையில் வெர்னியர் வைத்து அளந்து எழுதுங்கள், பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு.