கைநாட்டு இருந்தால் அது சம்மதமா?

கேள்வி: ஒரகடம் பக்கம் ஒரு கட்டுமான சைட்டில் லேபர் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். ஒடிசா, பீகார் ஆட்கள் 140 பேர். குடும்பத்தை விட்டு வந்த பையன்கள் கெட்டுப்போகக் கூடாதே என்று என் கைக்காசைப் போட்டு எய்ட்ஸ் விழிப்புணர்வு கேம்ப் வைத்தேன். பேச்சு முடிந்ததும் ஒரு தனியார் லேபை வைத்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்தோம். ஃபார்மில் கைநாட்டும் வாங்கினோம். ஒரு கொத்தனாருக்கு ‘ரியாக்டிவ்’ என்று வந்தது. சூப்பர்வைசர் அந்த லிஸ்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். ஷெட்டில் யாரும் அவரோடு சாப்பிட மாட்டேன் என்றார்கள். வேறு வழியில்லாமல் அவருக்கும் அவரோடு தங்கியிருந்த இரண்டு பேருக்கும் கணக்கு முடித்து, ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். இப்போது மூன்று பேர் சார்பிலும் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘சொந்த விருப்பத்தில் போகிறேன்’ என்று பழைய தேதியில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி. நல்லது செய்யப் போனவனுக்கு இதுதான் கூலியா?
– பெயர் வேண்டாம், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: உங்கள் நல்ல மனது, கைக்காசு, ரயில் டிக்கெட் எதையும் எந்த அதிகாரியும் விசாரிக்கப் போவதில்லை. அவர் கேட்கப் போவது ஒன்றுதான். ஊசி குத்துவதற்கு முன்னால் அந்தக் கொத்தனாரிடம், அவருக்குப் புரிகிற மொழியில், யார் என்ன சொன்னார்கள்?

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017இல் நிறைவேறி 10.9.2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. வற்புறுத்தல் இல்லாமல், சாதக பாதகங்களை அந்த ஆளுக்குப் புரியும் மொழியில், புரியும் விதத்தில் சொல்லி வாங்கினால்தான் அதன்படி சம்மதம். ஃபார்ம் எந்த மொழியில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒடியாவில் இருந்திருக்காது. சம்பளம் கொடுப்பவர் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையில் நின்று வைத்த 140 கைநாட்டைச் சம்மதம் என்று நான் வாதாட மாட்டேன். கேம்ப் வைத்தது தப்பே இல்லை. எல்லாருக்கும் ஊசி குத்தியதுதான் தப்பு.

அதிலும் ‘ரியாக்டிவ்’ என்பது எச்.ஐ.வி. இருக்கலாம் என்று முதல் கட்டச் சோதனை காட்டுவது மட்டும்தான். அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்த பிறகுதான் உறுதி சொல்வார்கள். நோய் இருக்கிறதா என்று தெரியாமலே ஒருவரை ஊருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அனுப்பியதற்கு உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது? இந்தக் காரணத்துக்காக ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால், அவர் வேலைக்குத் தகுதியில்லை, அல்லது கூட வேலை செய்பவர்களுக்குப் பெரிய தொற்று அபாயம் என்று சார்பில்லாத, தகுதியுள்ள மருத்துவர் எழுத்தில் தந்திருக்க வேண்டும். செங்கல் அடுக்குகிற வேலைக்கு எந்த டாக்டரும் அப்படி எழுதித் தர மாட்டார். பம்பாய் உயர் நீதிமன்றம் 1997இலேயே, அதுவும் ஒரு தற்காலிகத் தொழிலாளி வழக்கில், வேலை செய்ய உடம்பு முடிகிற ஒருவரை எச்.ஐ.வி. என்பதற்காக மட்டும் நீக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. மற்றவர்கள் கூடச் சாப்பிட மறுத்தார்கள் என்பது பதிலாகாது. சோற்றுப் பானையில் இது பரவாது என்பதைத்தானே உங்கள் கேம்ப்பில் பேசியிருப்பார்கள்?

கூட இருந்த இருவரை நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். எச்.ஐ.வி. உள்ளவரோடு வசிப்பவரும், முன்பு வசித்தவரும் ‘பாதுகாக்கப்பட்ட நபர்’ என்கிறது சட்டம். தகர ஷெட்டில் பக்கத்துப் பாயில் படுத்தவருக்கும் அது பொருந்தும் என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். ஒன்றுக்கு மூன்று புகார்.

இனி, நான் உண்மையில் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். மேஸ்திரியின் யோசனை. இன்றைக்கு உங்கள் மேல் இருப்பது வேலையும் இழப்பீடும் கேட்கிற விவகாரம். பணத்தோடு முடியக்கூடியது. நோட்டீஸ் வந்த பிறகு ஒரு ராஜினாமா பிறந்தால் அன்றைக்கே அது போலி ஆவண வழக்கு. டிக்கெட் தேதி, மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), சம்பளப் பட்டியல் மூன்றும் ஒன்றோடொன்று இடிக்கும். சில லட்சத்தில் முடிய வேண்டியதை இப்படி ஒரே ஒரு தாளால் ஜாமீன் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

லிஸ்ட்டைக் கிழித்துப் போடவும் ஆசை வரும். கிழித்தால் ஆதாரத்தை அழித்ததாகும். கவரில் போட்டு அரக்கு வைத்துப் பூட்டி வையுங்கள். குரூப்பில் இருக்கும் படத்தை நீக்கச் சொல்லுங்கள். ஆனால் நீக்குவதற்கு முன்பே, அதற்குக் கீழே யார் என்ன எழுதினார்கள் என்பது எனக்கு வேண்டும். ‘இவனைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள்’ என்கிற மாதிரி வெறுப்பைத் தூண்டும் ஒரு வரி இருந்தாலும், எழுதியவருக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று போகும்.

100 பேரோ அதற்கு மேலோ இருந்தால் புகார் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இறங்காதீர்கள். விஷயம் இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கிற மாநில ஆம்புட்ஸ்மேனிடம் போய், அவர் போடும் உத்தரவை மதிக்காவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம், தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 வரை.

சமரசம் பேசுங்கள். மூவருக்கும் திரும்ப வேலை, இடைப்பட்ட நாள் கூலி, கொத்தனாருக்குத் தனியாக ஒரு தொகை. அவர் வர விரும்பாவிட்டால் தொகையைக் கூட்டிக் கொடுங்கள். கணக்குப் பார்க்காதீர்கள்.

ஆனால் சமரசப் பத்திரத்திலேயே தடுக்கி விழுபவர்கள் உண்டு. நான்கு சாட்சியை உட்கார வைத்து, ‘எச்.ஐ.வி. காரணமாக நீக்கப்பட்ட இன்னார்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் நிலையை வெளியிட்ட இன்னொரு மீறல் அது. ‘வேலை தொடர்பான கோரிக்கைகள் தீர்ந்தன’ என்பது போதும். நோட்டீசுக்குப் பதிலிலும் நோயின் பெயர் வேண்டாம்.

அடுத்த கேம்ப்பில் ஊசி இல்லை. ஒடியா, இந்தி பேசுகிற ஆளை வைத்துப் பேசுங்கள், ஆணுறை கொடுங்கள், 1097 என்ற இலவச எண்ணைச் சுவரில் எழுதுங்கள். சோதித்துப் பார்த்துக்கொள்ள நினைப்பவர் லீவு எடுத்து நம்பிக்கை மையம் போகட்டும். முடிவு அவரோடு இருக்கட்டும்.

எதிர்த்தரப்பு வக்கீலிடம் இந்த வாரமே உங்கள் வக்கீலைப் பேசச் சொல்லுங்கள். மேஸ்திரியை அனுப்பாதீர்கள்.