வெள்ளவத்தை பிளாட்டுக்குத் தனிப் புரோக்கர் தேவையா?

வெளிநாட்டில் இருந்துகொண்டு கொழும்பு வெள்ளவத்தையில் பழைய பிளாட் வாங்க, விற்பவரின் புரோக்கரே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது, உங்களுக்கென்று ஒருவரைப் பிடியுங்கள். ஆனால் கமிஷனை வீதமாகப் பேசாதீர்கள். விலை ஏற ஏற அவருக்குத்தானே லாபம்! ஒரே தொகையாகப் பேசி, விற்பவரிடமும் வாங்கக்கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள். (நான் எழுதவில்லை. மனுஷன் இரண்டு பக்கமும் வாங்கிவிட்டார்.)

உறுதி (சொத்துப் பத்திரம்) பார்ப்பது புரோக்கர் வேலை இல்லை. அவர் காட்டும் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) வேண்டாம், நீங்களே ஒருவரைத் தேடி, காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்மாடித் திட்டம் (கட்டடத்தைத் தனித்தனி பிளாட்டுகளாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) பதிவாகியிருக்கிறதா, அனுமதித்தபடிதான் கட்டியிருக்கிறார்கள் என்று மாநகர சபை தரும் இணக்கச் சான்றிதழ் உண்டா என்பதும் முக்கியம்.

அப்புறம் முத்திரை வரி: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4. அது உங்கள் தலையில்தான்.