இலவசப் புத்தகமும் கடல்நீரும்

அன்புள்ள ஐயா,

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் இறுதியாண்டு மாணவி. ஊர் மண்டபம். மின்காந்தவியலுக்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் நிலையில் வீடு இல்லை. அமெரிக்காவின் வர்ஜினியா டெக் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்ட ஸ்டீவன் எல்லிங்சனின் நூலில் முதல் தொகுதியை இறக்கி வைத்திருக்கிறேன். “ஓசியில் கிடைப்பது, அதுவும் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு எழுதியது, உனக்கு ஒத்துவராது” என்கிறார்கள். நம்பிப் படிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிக்கலாம். ஆனால் முதல் தொகுதியோடு (2018) நின்றுவிடாதீர்கள். இரண்டாம் தொகுதியும் (2020) வேண்டும். அதுவும் இலவசம்தான்.

பாடநூலை நான் முன்னுரையை வைத்து எடைபோடுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கணக்கோடு உள்ளே போவேன். இந்த நூலுக்கு எடுத்துக்கொண்டது உங்கள் ஊர்க் கணக்கு: ஜி.பி.எஸ். அலை கடல்நீருக்குள் எவ்வளவு தூரம் போகும்?

வடகடல் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று, படகில் கொண்டுபோகும் ஜி.பி.எஸ். கருவியைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, ஒரு சாண் ஆழத்தில் அமுக்கிப் பார்த்திருக்கிறேன். திரையில் செயற்கைக்கோள்களைக் காட்டும் பட்டைகள் எல்லாம் வெறுமையாகிவிடும். வெளியே எடுத்தால் சற்று நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் சூத்திரம் ஒன்று உண்டு. அதிர்வெண்ணையும் கடத்துத்திறனையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் 503-ஐ வகுத்தால் ஊடுருவும் ஆழம், அதாவது அலையின் வீச்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும் ஆழம், மீட்டரில் வரும். கடல்நீரின் கடத்துத்திறன் மீட்டருக்கு 4 சீமென்ஸ் என்று வைத்தால், 1 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 25 செ.மீ. சரியான விடை. ஜி.பி.எஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸுக்கு 6 மி.மீ. வரும். அது தப்பு. முழுக்கணக்கும் போட்டால் ஏறக்குறைய 12 மி.மீ., அதாவது இரு மடங்கு!

அந்தச் சூத்திரம் நல்ல கடத்திக்கு மட்டுமே உரியது. 1 மெகாஹெர்ட்ஸில் கடல்நீரின் கடத்து மின்னோட்டம் (மின்னூட்டங்கள் நகர்வதால் வருவது), இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தை (மின்புலம் மாறுவதால் வருவது) போலக் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. ஜி.பி.எஸ். அதிர்வெண்ணில் அதன் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதே தண்ணீர், அங்கே உலோகம் மாதிரி நடந்துகொள்கிறது, இங்கே இல்லை.

எல்லிங்சன் இரண்டாம் தொகுதியின் மூன்றாம் அத்தியாயத்தில் இந்த விகிதத்தை முதலில் சொல்கிறார். பிறகு பொதுவான சூத்திரம். அதற்கும் பிறகுதான் மோசமான கடத்தி, நல்ல கடத்தி என்ற பிரிவுகள். அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு இந்த ஆசிரியர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

உங்களுக்கு இடறும் இடங்களும் உண்டு. நிலைமின்னியலுக்கு முன்பே டிரான்ஸ்மிஷன் லைன் (மின் அலைகளைக் கொண்டுசெல்லும் கம்பித் தடம்) வந்துவிடும். அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு வாருங்கள். அதைவிடத் தொல்லை குறியீடு. கற்பனை எண்ணுக்கு நாம் ‘ஐ’ போடுகிறோம், அவர் ‘ஜே’ போடுகிறார். எழுத்து மட்டும் மாறினால் பரவாயில்லை. நேரத்தோடு வரும் அடுக்கில் நாம் கழித்தல் போடும் இடத்தில் அவர் கூட்டல் போடுகிறார். இரண்டு நூல்களைக் கலந்து படித்தால் ஊடகத்தில் அலை தேய்வதற்குப் பதில் வளர்வதாக விடை வரும். நோட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வையுங்கள். சார்பியலுக்கு இந்த நூல் போதாது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தந்திருக்கும் ஃபைன்மன் விரிவுரைகளின் இரண்டாம் தொகுதிக்குப் போங்கள்.

எல்லிங்சனின் நூலைத் தயங்காமல் ஜெராக்ஸ் போட்டுத் தோழிகளுக்கும் கொடுக்கலாம். அதன் உரிமம் அதை அனுமதிக்கிறது, தமிழில் பெயர்ப்பதையும்கூட. பயிற்சிக் கணக்குகள் தனிக் கோப்புகளாக, விடைகளோடு இருக்கின்றன.

படகுகளில் இருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டின் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அதற்கு அந்த 503 குறுக்குச் சூத்திரம் எவ்வளவு தூரம் சரிவரும்? நீரின் ஒப்புமை விடுதிறனை (ரிலேட்டிவ் பெர்மிட்டிவிட்டி) 75 என்று வைத்து இரண்டு வழியிலும் போட்டு எனக்கு எழுதுங்கள்.