சுவரைப் பார்ப்பதற்கா ஃபீஸ் கட்டுகிறோம்?

கேள்வி: என் மகளை 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சியில் சேர்த்திருக்கிறேன். கோச் பெல்லட்டே (சிறு ஈயக் குண்டு) தராமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரிகரை இழுக்கச் சொல்கிறார், வீட்டிலும் இதே வேலைதான். இதற்கா பணம் கட்டுகிறேன்? (ஒரு வாசகர், கோவை)

பதில்: இதற்கும்தான். கோச்சை மாற்றிவிடாதீர்கள்.

பெல்லட் போட்டுச் சுட்டால் பிள்ளையின் கவனமெல்லாம் எத்தனை பாயின்ட் என்பதிலேயே போய்விடும். பெல்லட் இல்லாமல் இழுத்துப் பழகும் இந்த டிரை பிராக்டிஸில் அந்தக் கவலை இல்லை, டிரிகர் விடுபடும் நொடியில் முன் சைட் (குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கும் சிறு துண்டு) எந்தப் பக்கம் துள்ளியது என்பது அப்படியே கண்ணில் படும். முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு சைட்டுக்கும் நடுவே 32 செ.மீ. இருக்கிற பிஸ்டலில் முன் சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டருக்கு அப்பால் அது 3 செ.மீ.க்கு மேல் ஆகிவிடும். இலக்கில் பத்து பாயின்ட்டுக்கான வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான் என்பதால் பத்து விழவேண்டிய இடத்தில் ஏழு விழும். சுவர் எதற்கு என்றால், இலக்கின் கறுப்பு வட்டம் எதிரே இருந்தால் கண் அங்கே ஓடிவிடும், வெறும் சுவரில் பார்க்க ஒன்றுமில்லாததால் சைட்டிலேயே நிற்கும்.

விதிப்படி ஏர் பிஸ்டல் டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். அந்த அழுத்தத்தைச் சீராக ஏற்ற வேண்டும், 'இதோ இப்போ' என்று வெடுக்கென்று இழுத்தால் போச்சு. டிரிகர் விடுபட்ட பிறகும் ஓரிரு நொடி கை அப்படியே நிற்க வேண்டும். பிள்ளைகள் முதலில் கோட்டை விடுவது இங்கேதான். சைட் நிலைக்கு வராமல் ஆடிக்கொண்டே இருந்தால் இழுக்காமல் கையை இறக்கிவிடுவதும் பயிற்சிதான், சொல்லப்போனால் அதுதான் பாதிப் பயிற்சி. கை நடுங்க ஆரம்பித்த பிறகும் எண்ணிக்கைக்காக இழுத்துக்கொண்டிருந்தால் தப்புதான் பழகும். பதினைந்து நிமிடம் ஒழுங்காகச் செய்தால் போதும்.

வீட்டில் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் பிஸ்டலைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே தொடங்க வேண்டும், பிஸ்டல் நீட்டும் பக்கம் யாரும் வரக்கூடாது. முடிந்தது என்றால் முடிந்ததுதான். எல்லாம் எடுத்து வைத்த பிறகு 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று கையில் எடுப்பதுதான் ஆபத்து.

அப்புறம், போட்டி பிஸ்டல்கள் பலவற்றில் காற்று வெளியேறாமல் டிரிகரை மட்டும் இழுக்கிற வசதி உண்டு. மலிவு விலை ஸ்பிரிங் பிஸ்டலில் இதைச் செய்ய வேண்டாம், பெல்லட் இல்லாமல் சுட்டால் உள்ளே பிஸ்டன் மோதிக் கெட்டுவிடும்.

கேள்வி: தோட்டா போட்டுச் சுடும் .22 பிஸ்டலிலும் இப்படிப் பழகலாமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: யோசிக்காமல் இழுக்காதீர்கள். .22 தோட்டாவின் விளிம்பில்தான் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அடிக்கும்; தோட்டா இல்லாவிட்டால் சில பிஸ்டல்களில் அது சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) ஓரத்தில் போய் இடித்துத் தடம் பதித்துவிடும். அந்தப் பிஸ்டலின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், இல்லை துப்பாக்கிகளைப் பராமரிக்கும் கிளப் ஆர்மரரிடம் கேளுங்கள். டம்மி தோட்டா போடச் சொன்னால் .22-க்கென்றே செய்ததை வாங்குங்கள், அடிபட்டுத் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.