ராத்திரியில் முயல் கூண்டுச் சத்தம்: தலைவலிக்காரர் என்ன செய்வது?

கேள்வி: முயல் வளர்ப்பை இரண்டு வருடம் செய்து பார்த்துவிட்டு நிறுத்திவிட்டோம். மகள் அழுததால் ஒரு ஆண் முயலை மட்டும் வைத்துக்கொண்டோம். வயது எட்டு மாதம். தெருநாய்க்குப் பயந்து கூண்டை வீட்டுக்குள், நான் படுக்கும் அறையை ஒட்டிய நடையில் வைத்திருக்கிறேன். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, சின்னச் சத்தம்கூடத் தாங்காது. இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்தால் கம்பியைக் கடிப்பதும் தடதடவென்று தட்டுவதுமாக விடியும்வரை ஓய்வதில்லை. ஏதாவது நோயா? கூண்டைப் போர்வையால் மூடலாமா? தூக்க மருந்து கொடுக்கச் சொல்கிறார் ஒருவர். பேசாமல் தோட்டத்தில் விட்டுவிடலாமா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. தோட்டத்தில் விடாதீர்கள். பண்ணை முயல் ஐரோப்பிய முயலின் வழிவந்தது, நம் காட்டு முயல் வேறு இனம். கூண்டிலேயே வளர்ந்தது வெளியே நாலு நாள் தாங்காது, நாயோ கீரியோ பிடித்துவிடும். தூக்க மருந்தும் வேண்டாம். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் தீனி எடுக்காமல் மந்தமாகக் கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. போர்வையும் கூடாது. முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை இறக்கும். உங்கள் ஊர் ஏப்ரல் வெயிலில் காற்றுப் போகாமல் மூடினால் காலையில் செத்துக் கிடக்கும்.

இனி சத்தத்துக்கு வருவோம். முயலுக்குக் குரல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. உயிர் போகிற வலியிலோ பயத்திலோதான் வீறிட்டுக் கத்தும். நீங்கள் கேட்பதில் முக்கால்வாசி கூண்டின் சத்தம். தலைவலி இல்லாத ஒரு ராத்திரி பத்து நிமிடம் நடையில் உட்கார்ந்து கேளுங்கள், இல்லை மகளை உட்கார வையுங்கள்.

தொம் என்று ஒரே ஒரு அடி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று என்றால், பின்னங்காலால் தரையை உதைக்கிறது. ஆபத்து வருகிறது என்று மற்ற முயல்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. ஜன்னலில் பூனை நிற்கலாம், சிந்திய தீவனத்துக்கு எலி வரலாம். நமக்குக் கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்றால் அதற்கு 40,000-க்கு மேலேயும் கேட்கும். அந்த வகையில் அதுவும் உங்களைப்போலச் சத்தம் தாங்காததுதான். எரிச்சலில் கூண்டைத் தட்டி அதட்டினால் இன்னும் இரண்டு உதை கூடுதலாக விழும்.

வேகமாகத் தடதடவென்று கேட்டால் காதைச் சொறிகிறதா என்று பாருங்கள். சொறியும் காலின் குதி கம்பித் தரையில் பட்டு அப்படித்தான் அதிரும். டார்ச் அடித்துக் காதுக்குள் பாருங்கள். கடலைத்தோல்போலப் பழுப்பாகப் பொருக்கு அடுக்கடுக்காக இருந்தால் அது காதுச் சிற்றுண்ணி. நீங்கள் கேட்ட ‘நோயா’ என்பதற்கு இதில் மட்டும் ஆம் என்பேன். பொருக்கைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வந்துவிடும். டாக்டரிடம் காட்டினால் எடை பார்த்து ஐவர்மெக்டின் போடுவார். மறு டோஸும் தேவைப்படும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து வீட்டில் இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் ஃபிப்ரோனில் என்ற மருந்து முயலுக்கு விஷம்.

கம்பி கடிப்பதுதான் உங்கள் முக்கியத் தொல்லை. முயல் அந்தியிலும் விடியலிலும் துடிப்பாக இருக்கும் பிராணி. நீங்கள் காலையில் தீவனம் வைத்திருப்பீர்கள், இரவு அதற்குத் தின்னவும் ஒன்றுமில்லை, செய்யவும் ஒன்றுமில்லை. பல்லோ வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அப்புறம் கம்பியைத்தானே கடிக்கும்? அடர்தீவனத்தை, அதாவது தானியம், புண்ணாக்கு கலந்த தீவனத்தை, ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். வயிற்றை நிரப்ப வேண்டியது புல். நிழலில் உலர்த்திய அருகம்புல்லோ கொழுக்கட்டைப் புல்லோ, இரவு எட்டு மணிக்குக் கூண்டு நிறையத் திணித்து வையுங்கள். புல் மெல்லும் சத்தம் மெதுவாகத்தான் இருக்கும். கூடவே மருந்தடிக்காத மல்பெரிக் குச்சி, கொய்யாக் குச்சி நாலைந்து போடுங்கள். மாலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி நேரமாவது அடைத்த அறையில் ஓடவிடுங்கள், ஒயர்களை மட்டும் மேலே தூக்கிக் கட்டிவிட்டு. இதை மகளின் வேலையாக்கிவிடலாம். அழுது வாங்கியவர் அவர்தானே!

எட்டு மாத ஆண் என்பதால் பருவ வேகமும் சேர்ந்திருக்கும். காயடித்தால் சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டர்தான் செய்ய வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் முயலைப் பட்டினி போடக் கூடாது. அதற்கு வாந்தி வராது, குடல் நின்றுபோவதுதான் ஆபத்து.

கூண்டையும் கொஞ்சம் ஊமையாக்கலாம். கால்களுக்கு அடியில் பழைய டயர் துண்டு வையுங்கள். ஆடுகிற கதவைச் சைக்கிள் ட்யூபால், பல்லுக்கு எட்டாத பக்கமாக, இறுக்கிக் கட்டுங்கள். எவர்சில்வர் கிண்ணத்தைத் தூக்கிவிட்டுக் கனமான மண் சட்டி வையுங்கள். குண்டு உருளும் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதுவும் ராத்திரியெல்லாம் டிக் டிக்கென்று அடிக்கும். அதற்குப் பதிலும் சட்டிதான். ஒரு வீட்டில் ‘யாரோ ஜன்னலில் கல் எறிகிறார்கள்’ என்று பயந்தே போய்விட்டார்கள். போய்ப் பார்த்தால் தகரத் தட்டில் புழுக்கை விழுகிறது. தட்டில் இரண்டு விரல் கனம் தென்னைநார்க் கழிவு பரப்பினால் மூத்திர நாற்றமும் குறையும். கம்பித் தரையில் பாதி இடத்துக்கு ஒரு பலகை போட்டால் பாதப் புண் வராது.

எல்லாவற்றையும்விட, கூண்டு ஏன் உங்கள் அறைச் சுவரை ஒட்டி இருக்க வேண்டும்? வீட்டின் மறுகோடியில், வெயிலும் நாயும் எட்டாத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். உங்கள் அறையில் மின்விசிறியை ஓடவிட்டால் மிச்சச் சத்தம் அதில் அமுங்கும். காதடைப்பான் வைத்துப் பார்க்கலாம், ஆனால் தலைவலிக்கு உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் மாட்டு டாக்டர்.

ஒரு சத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தடவிக் கொடுக்கும்போது பல்லை மெல்ல உரசினால் சுகத்தில் இருக்கிறது. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, தீனியைத் தொடாமல், நறநறவென்று கடித்தால் வயிற்று வலி. அன்றைக்கு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.